குழி திறக்கையில் ஒரு வீட்டாள்

மணி எட்டுதான் ஆகுது, அதுக்குள்ள வெயிலு முதுகுல ஏறி உக்காந்துட்டு. குழி வெட்டுற வேதமுத்து அண்ணன் சிலுவைய அசைச்சு அசைச்சுப் பிடுங்கி மதில்ல சாத்தி வச்சிருக்காரு, அதுல கஸ்பார் பர்னாந்துங்கிற பேரு என்னையே பாத்துக்கிட்டு நிக்குது. பாக்கட்டும். "தங்கச்சி, மேல்மண்ணு எடுக்கவே ஒரு மணி நேரம் ஆவும், நீ நெழல்ல போயி உக்காரு"ன்னாரு அண்ணன். நெழலுக்கு எங்க போக, இந்தக் கல்லறைத் தோட்டத்துல இருக்கிறதே ஒரு பூவரசு, அதுக்கடியில பழைய பெட்டிப் பலகையும் காஞ்ச மாலையும் குமிஞ்சு கெடக்கு. பக்கத்துல இருக்கிற வெள்ளைக்காரத் தொரை கல்லறை மேலயே உக்காந்துட்டேன். எந்த நாட்டுத் தொரையோ, எந்தக் கப்பல்ல வந்து இந்த ஊருல மண்டையப் போட்டாரோ, எழுத்தையெல்லாம் கடக்காத்து தின்னுட்டு. மன்னிச்சுக்கிடும் தொரை, முட்டி வலி, நிக்க முடியல. மாமி நேத்து மத்தியானம் போயிட்டாக. என் வீட்டுக்காரரப் பெத்த மாமி, பிரகாசியம்மாள், எம்பத்து மூணு வயசு, கஞ்சி ரெண்டு வாய் குடிச்சிட்டு போதும்ட்டின்னு சொல்லித் திரும்பிப் படுத்தாக, அவ்வளவுதான். பதினோரு மணிக்குப் பெட்டிய எடுத்துட்டு வந்துருவாக. என் மவன் குழியிலயே என்னையும் வைங்கன்னு சாமியார் முன்னாலயே சொல்லி வச்சிருந்தாக, அதான் இந்தக் குழிய இன்னைக்குத் திறக்குறோம். எங்க ஊருல பழைய குழி திறந்தா வீட்டாள் ஒருத்தர் பக்கத்துல இருந்தாகணும். எலும்ப வீட்டாள்தான் கையில வாங்கி, வெள்ளத் துணியால தொடச்சு, பையில கட்டி, புதுப் பெட்டிக்குக் கால்மாட்டுல வைக்கக் குடுக்கணும். எப்பவும் ஆம்பளைகதான் வருவாக. கொழுந்தன் மஸ்கட்டுல இருக்காரு, நான் போறேன்னு சொன்னதும் வீட்டுல இருந்த அத்தன பேரும் வாயப் பொளந்துட்டாக. புருசன் மேல எம்புட்டுப் பாசம்னு ஒருத்தி மூக்கச் சிந்துனா. பாசமாவது மண்ணாவது. பயத்துல வந்திருக்கேன். எங்க வீட்டுக்காரரு எடது தொடை எலும்புக்குள்ள ஒரு ஸ்டீல் ராடு இருக்கு. அந்த ராடு இந்தக் குழியில இருந்தா இது என் புருசன். இல்லைன்னா, பதினோரு வருசத்துக்கு முன்னால நான் இன்னொருத்தி புருசனத் திருடிக்கொண்டு வந்து இங்க பொதைச்சிருக்கேன்.

ராடு விசயம் ஊருல ஒருத்தருக்கும் தெரியாது. கொல்லத்துல தொழிலுக்குப் போன எடத்துல வள்ளத்துலருந்து வழுக்கி விழுந்து தொடை ஒடிஞ்சுபோச்சு, அங்கயே ஆஸ்பத்திரியில அறுத்து உள்ள ராடு வச்சாக, நான் பத்து நாள் கூட இருந்தேன். ஊருக்கு வந்ததும் அவுக சொன்ன மொத வார்த்தை, ஜெசிந்தா, வைத்தியரு கட்டுப்போட்டாருன்னு மட்டும் சொல்லு, உள்ள இரும்பு இருக்குன்னு தெரிஞ்சா ஒரு பய என்ன வள்ளத்துல ஏத்த மாட்டான். பெத்த தாய்க்கே சொல்லல. அதுக்கப்புறம் அந்தக் கால லேசா இழுத்து இழுத்துத்தான் நடப்பாக, கேக்குறவங்ககிட்ட வாதம்னு சொல்லுவாக. யம்மா, அண்ணன் மம்பட்டிய ஓங்கிப் போடும்போதெல்லாம் காதத் தீட்டிக்கிட்டுக் கேக்குதேன். இரும்புல பட்டா சத்தம் வேற மாதிரி கேக்கும்ல. ணங்குன்னு கேக்கும். இல்ல, எலும்புக்குள்ள இருக்கிற இரும்பு எப்படிச் சத்தம் போடும், எனக்கு மூளை கொழம்பிப் போச்சு. கடைசியாப் போன அந்தத் தடவை அவுகளும் தொம்மையும் ரெண்டே பேருதான் கடலுக்குப் போனாக. தொம்மை உவரிப் பக்கத்து ஆளு, கூட்டாளி, பேசுறதுக்கே கூச்சப்படுவாரு, எங்க வீட்டுக்கு வந்தாலும் கொல்லையில நின்னு வலைப் பொதிய வச்சிட்டுப் போயிருவாரு. வள்ளம் கவுந்து கெடக்குன்னு மூணா நாள் சேதி வந்துச்சு. மாமி கடக்கரையில போயி உக்காந்தாக. அப்பவே கண்ணுல புரை, எதுவும் தெரியாது, கடல் சத்தத்துக்கு நேரா மூஞ்சிய வச்சுக்கிட்டு உக்காந்திருப்பாக. சோறு வேண்டாம்னுட்டாக. தண்ணியும் ஒரு சொட்டு ரெண்டு சொட்டு. ஒம்பதா நாள் வடக்க ஒரு ஊருல ஒரு உடம்பு ஒதுங்கிருக்குன்னு போலீஸு கூப்புட்டுச்சு. ஒரே ஒரு உடம்பு. பொம்பளைக ரெண்டு பேரு. நானும் தொம்மை பொண்டாட்டி மெற்றில்டாவும் பிணவறை வராண்டாவுல ஒரே பெஞ்சுல உக்காந்திருந்தோம், எங்களுக்கு நடுவுல மாமி.

என்னத்தான் மொதல்ல கூப்புட்டாக. நான் பாத்தேன், பாத்தேன்னு சொல்லுதேன், என்னத்தப் பாத்தேன், ஒம்பது நாள் கடல்ல கெடந்தா மூஞ்சின்னு ஒன்னு இருக்குமா. தழும்பத் தேடுனேன், தோலே இல்ல. கழுத்துல உத்தரியம் கெடந்துச்சு, மாதா படம் தைச்ச துணி, ஓரம் கிழிஞ்ச எடத்துல பச்ச நைலான் நூலால தைச்சிருந்துச்சு, வலை பொத்துற முடிச்சு. இது எங்க வீட்டுக்காரரு போட்ட முடிச்சுதான்னு சொன்னேன். சத்தமாவே சொன்னேன். ஒரே வள்ளத்துல ஒரே நூலக் கையில வச்சுக்கிட்டு ரெண்டு பேரும் தோளோட தோள் உக்காந்து வலை பொத்துனவுகன்னு எனக்குத் தெரியாதா. தெரியும். அந்த ஏட்டு நல்ல மனுசன், வேற அடையாளம் எதுவும் இருக்கா, ஆபரேசன் கீபரேசன், இருந்தா டாக்டருகிட்ட சொல்லிப் பாக்கச் சொல்லுதேன்னு கேட்டாரு. நான் இல்லைன்னேன். ராடுங்கிற வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு, முழுங்கிட்டேன். ஏன்னா ராடு இல்லைன்னு அவுக சொல்லிட்டா நான் வெறுங்கையோட வெளிய வரணும். வெளிய மாமி உக்காந்திருக்காக. இன்னும் ஒரு நாள் தாங்க மாட்டாக. அதுமட்டுமில்ல, உண்மையச் சொன்னா என்ன, எனக்கே போதும்னு ஆயிட்டு. காத்திருக்க முடியல. ஒரு சத்தம் கேட்டா எழும்பி ஓட முடியல. செத்துட்டாருன்னு யாராவது சொல்லித் தொலைங்களேன்னு இருந்துச்சு, யாரும் சொல்லல, நானே சொல்லிட்டேன். அப்புறம் மெற்றில்டாவையும் உள்ள போகச் சொன்னாக. ரெண்டு நிமிசத்துல வெளிய வந்தா. இது எங்க வீட்டாளு இல்லைன்னா. அந்த ஒரு வார்த்தையத்தான் நான் பதினோரு வருசமா பிடிச்சுத் தொங்கிக்கிட்டு இருக்கேன். அவளே இல்லைன்னுட்டாளே, அப்ப என்னோடதுதானே, கட்டுனவளுக்குத் தெரியாதான்னு. ஆனா நானும் கட்டுனவதான், எனக்குத் தெரியலையே.

அண்ணன் இடுப்பளவு எறங்கிட்டாரு. மண்ணு இப்ப ஈரமா வருது, கடக்கரை மண்ணு, கருப்பும் வெள்ளையுமா, சிப்பித் துண்டு கெடக்கு. "தண்ணி வேணுமா அண்ணே"ன்னு கேட்டேன், "பெறவு"ன்னாரு. மூணு மணி விசயத்த யாருகிட்டயும் சொன்னதில்ல. சொன்னா சாமியாருகிட்ட கூட்டிட்டுப் போவாக, இல்லாட்டி தர்காவுல மந்திரிப்பாக. முப்பதாம் நாள் பூசை முடிஞ்ச மறுநாள், மத்தியானம் மூணு மணி, தெருவுல ஒரு நாயி கூட இல்ல, கொல்லையில கொழாயத் தொறக்குற சத்தம். யாரோ கால் கழுவுற சத்தம், ஒரு பாதத்த இன்னொரு பாதத்தால தேய்ச்சு நிதானமாக் கழுவுறாக. போயிப் பாத்தா ஆளில்ல. சிமிண்டு தரையில ஈரக் கால் தடம், கொழாயிலருந்து பின்வாசப்படி வரைக்கும். படியோட நின்னுட்டு. எனக்கு மயிர்க்காலெல்லாம் குத்திட்டு நின்னுச்சு, ஆனா மாமி உள்ள இருந்து, கஸ்பாரு வந்துட்டான்ட்டி, கட்டங்காப்பி எடுத்து வையின்னாக, சாதாரணமா, கடைக்குப் போன பையன் வந்த மாதிரி. எடுத்து வச்சேன், என்ன செய்ய. அரைமணி நேரம் கழிச்சு எடுக்கப் போனேன், டம்ளர்ல அளவு கொறையவேயில்ல. வாயில வச்சுப் பாத்தேன், கடத் தண்ணி மாதிரி உப்பு. அன்னையிலருந்து வாரத்துக்கு ஒரு தடவை, ரெண்டு தடவை. பயமெல்லாம் ஒரு மாசத்துல போயிட்டு. மனுசனுக்கு எதுதான் பழகாது. அவரு வந்து படியில நிப்பாரு, மாமி உள்ள இருந்தபடியே ஊரு கதையெல்லாம் சொல்லுவாக, எந்தப் புள்ளைக்குக் கல்யாணம், யாரு வள்ளம் வாங்கிருக்கான்னு. நான் அடுக்களையில பாத்திரம் வெளக்குவேன். நிம்மதியாத்தான் இருந்துச்சு. ஆனா ஒரு நாள் குனிஞ்சு அந்தத் தடத்த நல்லாப் பாத்தேன். பாத்துருக்கக் கூடாது. ரெண்டு காலும் ஒரே மாதிரி அழுத்தமாப் பதிஞ்சிருக்கு. ஒரு எடத்துலயும் இழுத்த தடம் இல்ல. சொந்த வீட்டுக்கு வந்தவன் எதுக்குப் படியில நிக்கணும், எதுக்கு உள்ள வராம மரியாதையா நிக்கணும். அன்னைக்கு மட்டும் நான் அழுதேன், மாமிக்குக் கேக்காம, கொழாயத் தொறந்து விட்டுக்கிட்டு. இது அவுக இல்ல. அவுக ஒரு நாளும் வரல. நான் ஊரான் வீட்டுப் பிரேதத்துக்கு என் புருசன் பேர வச்சிட்டேன், அது பேரக் கேட்டு வந்து நிக்குது.

அப்பவாவது மெற்றில்டாவுக்குப் போன் பண்ணிருக்கலாம். பண்ணுனேன், கிறிஸ்மஸுக்குப் பண்ணுனேன், நல்லா இருக்கியா, மவ நல்லா இருக்காளான்னு கேட்டேன். கல்லறைத் திருநாளுக்கு ஊரே மெழுகுத்திரி ஏத்துறப்ப அவளுக்கு ஏத்துறதுக்கு ஒரு அடி மண்ணு இல்ல. கழுத்துல தாலி கெடக்கு, கலரு சேலை கட்டுறா, ஊருல நாலு பேரு நாலு விதமாப் பேசுறாங்களாம், அதையும் சிரிச்சுக்கிட்டே சொல்லுவா. ஒவ்வொரு தடவையும் சொல்லிரணும்னுதான் போன எடுப்பேன். சொன்னா மாமிக்குத் தெரியும். மாமி நெஞ்சு வெடிச்சிரும். மாமி இருக்கிற வரைக்கும் வேண்டாம்னு தள்ளிப் போட்டேன், இப்ப மாமி இல்ல. இப்பத் தள்ளிப் போட எனக்கு எந்தச் சாக்கும் இல்ல. நேத்து சாயந்திரம் சேதி சொன்னப்ப, காலையில மொத பஸ்ஸப் பிடிச்சு வந்துருதேன் அக்கான்னா. பஸ்ஸு கல்லறைத் தோட்டத்து வாசல்லதான் நிக்கும். ஒரு வேளை ராடு இருந்துச்சுன்னா, மாதாவே, ராடு மட்டும் இருந்துச்சுன்னா, நான் ஓடிப் போயி அவளக் கட்டிப் பிடிச்சுக்கிடுவேன், அவளுக்கு ஏன்னே தெரியாது. இல்லைன்னா? இல்லைன்னா அண்ணனுக்குத் தெரியவா போகுது. துணியில சுத்துனா எல்லா எலும்பும் ஒன்னுதான். பேசாம பையக் கட்டி மாமி கால்மாட்டுல வச்சிரலாம், மண்ணப் போட்டு மூடிரலாம், அடுத்த குழி எனக்குத்தான் திறப்பாக, அப்ப நான் எதையும் பாக்கப் போறதில்ல. சீ, என்ன புத்தி இது. தொரை, நீரு காது குடுத்துக் கேக்காதேயும்.

"தங்கச்சி, வா"ன்னாரு அண்ணன். பெட்டி மட்கி மண்ணோட மண்ணாக் கெடக்கு. நான் முந்தானைய இழுத்துச் சொருகிக்கிட்டு குழி ஓரத்துல முட்டி போட்டேன், வலி தெரியல. அண்ணன் ஒவ்வொன்னா மண்ணத் தட்டித் தட்டிக் குடுக்காரு, பச்சப் பிள்ளைய எடுத்துக் குடுக்குற மாதிரி ரெண்டு கையாலயும் குடுக்காரு. மண்டையோட்ட மொதல்ல குடுத்தாரு, மேல்வரிசை முன்பல்லு பாதி ஒடிஞ்சிருந்துச்சு. கடல்ல பாறையில அடிச்சிருக்கலாம். நான் எதுக்கும் தலையாட்டிக்கிட்டே தொடச்சேன். கை எலும்பு, வெலா எலும்பு, இடுப்பு எலும்பு. அப்புறம் தொடை எலும்பு. வலது. நல்ல நீளமா, காஞ்ச வெறகு மாதிரி லேசா இருந்துச்சு. எடது எதுண்ணே, எடது எதுன்னு கேட்டேன். "இந்தா, பொறு"ன்னாரு. கையில வாங்குனதுமே தெரிஞ்சிட்டு. கனம் இல்ல. அதுவும் அதே மாதிரி லேசு. மேலயும் கீழயும் திருப்பித் திருப்பிப் பாத்தேன், ஒரு ஒடிசல் இல்ல, ஒட்டுன அடையாளம் இல்ல, பொறந்ததுலருந்து ஒடியாத எலும்பு. "கீழ மண்ணுல இரும்பு ஏதும் கெடக்கா அண்ணே, நல்லாக் கையப் போட்டுப் பாருங்க"ன்னேன். அவரு சலிச்சுச் சலிச்சுப் பாத்துட்டு, "ஆணிதான் கெடக்கு தங்கச்சி, பெட்டி ஆணி"ன்னாரு. நான் அந்த எலும்ப மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். அழுகை வரும்னு நெனைச்சேன், வரல. ஆச்சரியமா மனசு அமைதியா இருக்கு, பரிச்ச பேப்பரு வந்துட்ட மாதிரி. பெயில்தான். ஆனா வந்துட்டு.

வெளிய பஸ்ஸு நின்னு கெளம்புற சத்தம். கேட்டத் தள்ளிக்கிட்டு மெற்றில்டா வாரா, கையில மல்லியப்பூ மாலை, பஸ்ஸுல கசங்கிப் போன ஊதாக் கலரு சேலை. "எக்கா, வீட்டுக்குப் போகலையா நீங்க, இங்கயா இருக்கீக"ன்னு கேட்டுக்கிட்டே பக்கத்துல வந்தா, வெள்ளத் துணியப் பாத்ததும் நின்னுட்டா. நான் அண்ணனப் பாத்தேன், அவரு புரிஞ்சுக்கிட்டு, தண்ணி குடிச்சிட்டு வாரேன்னு கொழாயப் பாத்துப் போயிட்டாரு. எப்படி ஆரம்பிக்கணும்னு பத்து வருசமா மனசுக்குள்ள ஒத்திகை பாத்து வச்சிருந்த ஒன்னும் வாயில வரல. "மெற்றில்டா, இது உன் வீட்டாளுட்டி. என் வீட்டுக்காரரு காலுக்குள்ள ராடு உண்டு, இதுல இல்ல. அன்னைக்கே நான் சொல்லிருக்கணும், சொல்லல. என்னச் செருப்பக் கழத்தி அடி"ன்னேன். அவ மெள்ள என் பக்கத்துல உக்காந்தா. துணியில இருந்த மண்டையோட்டு மேல கைய வச்சா, கட்டை வெரலால அந்த ஒடிஞ்ச பல்லத் தடவுனா. "தெரியும்க்கா"ன்னா. "என்னது?" "அன்னைக்கே தெரியும். கல்யாணமான புதுசுல சோடா பாட்டில வாயால தொறக்கேன்னு பல்ல ஒடச்சுக்கிட்டாரு." "தெரியுமா? தெரிஞ்சுக்கிட்டா இல்லைன்ன? பாவி, பதினோரு வருசம் என்ன வறுத்து எடுத்துட்டியேட்டி, ஒரு நாள் நல்லாத் தூங்கிருப்பனா நான்"ன்னு கத்தியே போட்டேன், பூவரசுல இருந்த காக்கா ரெண்டு பறந்து போச்சு. அவ கோவிக்கல. "வெளிய வந்தேன், ஒங்க மாமி என் கையப் பிடிச்சாக. தாயி, நீயும் பாத்தியே, எம்மவன்தானான்னு கேட்டாக. கையி குச்சி மாதிரி இருந்துச்சு. எங்க வீட்டாளுக்குத் தாய் கெடையாது, பெத்துப் போட்டுட்டுப் போயிட்டா. இவருக்காக அழ ஒரு தாய் கெடைக்கட்டுமேன்னு தோணுச்சு, ஆமா பாட்டின்னுட்டேன்." அப்புறம் மண்ணக் கிள்ளிக்கிட்டே சொன்னா. "அது பாதி. மீதி, எம்மவ அப்ப வயித்துல அஞ்சு மாசம். அப்பா செத்துட்டாருன்னு சொல்லுறதுக்கு, அப்பா வருவாருன்னு சொல்லி வளத்துக்கிடலாம்ல."

நான் துணிய அவ கையில குடுத்தேன். அவ தொடைக்க ஆரம்பிச்சா, நான் தொடச்சதையும் சேத்து மறுபடியும். "ஊருக்குக் கொண்டுக்கிட்டுப் போறியா"ன்னு கேட்டேன். "வேண்டாம்க்கா, பாட்டி கூடயே இருக்கட்டும், இம்புட்டு வருசம் அழுதாகல்ல." அப்புறம் தலைய நிமுத்தாமலே கேட்டா, "உங்க வீட்டுக்கு வாரதுண்டா இவரு?" எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. "வாரதுண்டு. படி தாண்டுனதில்ல"ன்னேன். "அவரு அப்படித்தான், கூப்புடாம எங்கயும் நுழைய மாட்டாரு"ன்னு சிரிச்சா. கோயில் மணி அடிக்க ஆரம்பிச்சிட்டு, ஒன்னு, நெடுநேரம் கழிச்சு இன்னொன்னு, மாமிய எடுத்துட்டாக போல. மெற்றில்டா கொரலத் தாழ்த்திக்கிட்டா. "எங்க வீட்டுக்கும் ஒருத்தரு வாராருக்கா. எங்க வீட்டாளு இல்ல, அது மட்டும் எனக்குத் தெரியும். இவருக்குக் கூப்புடவே வேண்டாம். மீன் கொழம்பு கொதிக்குற நேரத்துக்குக் கரெக்டா அடுக்களைக்குள்ள வந்துருவாரு. சட்டி மூடி தன்னால எழும்பும். மோந்து பாக்குற சத்தம் கேக்கும். மூடியக் கீழ வைக்கிறதோட சரி, திரும்ப மூட மாட்டாரு. பதினோரு வருசமா நாந்தான் மூடிக்கிட்டு இருக்கேன்." நானும் பன்னெண்டு வருசம் மூடிக்கிட்டு இருந்தவதான். கஸ்பாரு வீட்டுக்குள்ள கால வச்சா மொத வேலையே அதுதான், வயிறு நெறஞ்சிருந்தாலும் சட்டியத் தொறந்து பாக்கணும், என்ன இது, சின்னப் பிள்ள மாதிரின்னு எத்தன நாள் கத்திருக்கேன். எனக்குச் சிரிப்பும் வந்துச்சு, அழுகையும் வந்துச்சு, அடிவயித்துலருந்து பொறாமையும் வந்துச்சு, எல்லாத்தையும் சேத்து அந்தப் பிள்ள தோள்லயே மூஞ்சிய வச்சு அழுது தீத்தேன். நான் அவுகளச் செத்துட்டாருன்னு ஊருக்குச் சொல்லி, சிலுவை நட்டு, கதவ மூடிட்டேன். இவ வருவாருன்னு சொல்லிக்கிட்டுத் தொறந்து வச்சிருந்தா. எங்க தொறந்திருந்துச்சோ அங்க போயிருக்காக, அவுக மேல என்ன தப்பு. கேட்டுப் பக்கம் ஆளுக சத்தம் கேக்குது, செபம் சொல்லிக்கிட்டு வாராக. அண்ணன் ஓடி வந்து குழிக்குள்ள எறங்கிக் கைய நீட்டுனாரு, மெற்றில்டா பைய முடிஞ்சு குடுத்தா. நான் மூஞ்சியத் தொடச்சுக்கிட்டு எழும்புனேன். "மெற்றில்டா, இன்னைக்கு இங்க தங்கு. நாளைக்குக் காலையில உன்கூட நானும் வாரேன்"ன்னேன். "வீட்டுக்கா?" "ஆமா. கொழம்பு நான் வைக்குதேன்."